ஏ.சி. காற்று வடிகட்டி: மாமல்லபுரக் கடலோர வீடுகளில்

வீட்டு ஏ.சி.யின் காற்று வடிகட்டி, அறைக் காற்றிலுள்ள தூசியை உள்ளேயிருக்கும் குளிர்ச்சுருளில் படியவிடாமல் பிடிக்கும் வலை. பேச்சுவழக்கில் ‘ஃபில்டர்’. கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில், மற்ற ஊர்களைப் போலவே, வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஸ்பிளிட் ஏ.சி. அது வெளிக்காற்றை இழுப்பதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது.

அதோடு வரும் நைலான் வலை முடி, பஞ்சு, பெருந்தூசி ஆகியவற்றை நிறுத்தும், நுண்துகளை நிறுத்தாது. வடிகட்டும் திறனை அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பு மெர்வ் என்ற அளவுகோலால் 1 முதல் 16 வரை தரம் பிரிக்கிறது. மெர்வ் 13 வடிகட்டி, 1 முதல் 3 மைக்ரான் வரையிலான துகள்களில் 85 விழுக்காட்டையாவது பிடிக்க வேண்டும். ஆனால் அது குழாய்வழிக் காற்று செல்லும் மைய ஏ.சி.க்கு உரியது. ஸ்பிளிட் ஏ.சி.யின் சிறிய விசிறிக்கு அவ்வளவு அடர்ந்த வடிகட்டியினூடே காற்றை இழுக்கும் வலு கிடையாது. காற்றோட்டம் குறைந்தால் சுருளில் பனி உறையும், மின் கட்டணமும் ஏறும். வலைமேல் ஒட்டும் சிறு கார்பன் பட்டைகள் வாடையைச் சற்றுக் குறைக்கலாம். விலைக்கு ஏற்ற பயன் அவற்றில் இல்லை.

மாமல்லபுரத்தின் தனிச்சிக்கல் கல்தூள். 1957 முதல் அரசின் சிற்பப் பயிற்சி நடக்கும் ஊர் இது. உளியோடு இன்று கிரைண்டரும் ஓடுகிறது. கருங்கல்லை அறுக்கும்போது பறக்கும் மாவில் சிலிக்கா உண்டு. நுரையீரலின் ஆழம்வரை போகும் அதன் நுண்பகுதி நைலான் வலையில் சிக்காது. பட்டறையை ஒட்டிய வீட்டில் வேலை நேரத்தில் சன்னலைச் சாத்தி வைத்து, 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி கொண்ட தனிச் சுத்திகரிப்பானை அறையின் பரப்புக்கேற்ப வாங்குவதே சரி. ஏ.சி.யில் பழைய வலையே போதும். அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, தூசி படியாத பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை வரும்.

உப்புக்காற்றுக்கு வடிகட்டி மருந்தல்ல. உப்புக்காற்று அரிப்பது வெளியே மாட்டியிருக்கும் அவுட்டோர் யூனிட்டை. அதற்குச் செம்புச் சுருளும் பூச்சிட்ட தகடுகளும் கொண்ட மாடல் தேவை. கடலைப் பார்க்காத சுவரில் மாட்டி, அவ்வப்போது கழுவவும் வேண்டும். கரையோரத்தில் போர்த் தண்ணீரே உப்புக்கரிக்கும் வீடுகளில், கழுவுவதற்கு நல்ல தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும்.