சாமியார் இல்லாத சண்டை

1995-ம் வருஷ வாக்கில் ஓசூர் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு சந்தில் வீடியோ விளையாட்டுக் கடை இருந்தது. சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வரும் பையன்களும், பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுத்த என்னைப் போன்ற புண்ணியவான்களும் அங்கே தவம் கிடப்போம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வசவு காதில் விழும். விளையாட்டின் பெயர் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. ஜப்பானியக் கம்பெனியான காப்காம் 1991-ல் வெளியிட்டது.

அதில் நம் தேசத்து ஆசாமி ஒருவர் உண்டு. பெயர் தால்சிம். கழுத்திலே மண்டையோட்டு மாலை. கையையும் காலையும் ரப்பர் மாதிரி நீட்டி அடிப்பார்; வாயால் நெருப்பைக் கக்குவார். யோகாப்பியாசம் செய்தால் இதெல்லாம் சித்திக்கும் என்பது ஜப்பானியர் அபிப்பிராயம் போலும். நாங்கள் அவரைச் 'சாமியார்' என்போம். தோற்றாலும் நான் சாமியார் கட்சிதான்.

இரண்டாம் பாகத்தையே திருத்தித் திருத்தி ஐந்து பதிப்புப் போட்டு விற்ற அந்தக் கம்பெனிக்கு, 1997-ல் எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! மூன்றாம் பாகத்தில் ரியூ, கென் என்ற இருவரை மட்டும் நிறுத்திக்கொண்டு பழைய ஆட்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அலெக்ஸ் என்ற புது மனிதன் கதாநாயகன். சாமியாரின் நீளக் கையை நெக்ரோ என்ற ருஷ்யனுக்கு ஒட்டவைத்திருந்தார்கள்!

ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்கள். முப்பரிமாண விளையாட்டுகளின் மோகம் வேறு. போதாததற்கு, அந்த யந்திரத்தின் உயிர் உள்ளே இருந்த ஒரு பாட்டரியில் இருந்தது. பாட்டரி தீர்ந்தால் விளையாட்டும் தீர்ந்தது.

தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது வேடிக்கையான விஷயம் அல்ல. என் துப்பறியும் கிழவரை ஒரு கதையில் ஓய்வுக்கு அனுப்பியதற்காக எனக்கு வந்த கடிதங்களை என் மனைவி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

ஆனால் மூன்றாம் பாகத்தில் ஒரு விபரீதப் புதுமை இருந்தது. அதுவரை எதிரி அடிக்க வந்தால் பிடியைப் பின்னால் இழுத்துத் தடுக்க வேண்டும். விசேஷ அடியானால் தடுத்தாலும் உயிர் கொஞ்சம் தேயும். இதிலோ, அடி வந்து படும் கணத்தில் பிடியை முன்னால் தட்டலாம். கணம் தப்பினால் அடி முழுசாக விழும். தப்பாவிட்டால் துளிச் சேதம் இல்லை. இதற்குப் 'பாரி' என்று பெயர். பறம்பு மலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

1999-ல் மூன்றாம் பாகத்தின் கடைசிப் பதிப்பு வந்தது. அடுத்த பாகம் 2008-ல்தான். நடுவே, 2004-ல், கலிபோர்னியாவில் 'ஈவோ' என்ற பந்தயம் நடந்தது. ஜப்பானிய ஆட்டக்காரர் டைகோ உமெஹாராவின் கென்னுக்கு உயிர் நூலிழை, தடுத்தாலே சாவு. அமெரிக்கரான ஜஸ்டின் வாங்கின் சுன்-லீ சரமாரியாகப் பதினைந்து உதை விட்டாள். உமெஹாரா பதினைந்தையும் முன்னால் தட்டியே வாங்கி, திருப்பி அடித்து ஜெயித்தார். கூட்டம் போட்ட கூச்சலில் கூரை பிய்ந்திருக்க வேண்டும். அந்தப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில் அவர் தோற்றுப்போனார் என்பது பலருக்கு ஞாபகமே இல்லை.

அந்த ஒரு நிமிஷப் படத்தைப் பார்த்துத்தான் பலர் மூன்றாம் பாகத்தைத் தேடிப் போனார்கள். நாலாம் பாகத்தில் சாமியார் உட்படப் பழைய கோஷ்டி திரும்பிவிட்டது, பாரியைக் காணோம். 2023-ல் ஆறாம் பாகத்தில் அதையும் கொண்டுவந்தார்கள், இரண்டு பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும் என்று சுலபமாக்கி.

இங்கே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் பழைய மூன்றாம் பாகத்தைத் தன் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறான். "முன்னால தட்டுங்க மாமா!" என்று கத்துகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முயன்றேன். கை பின்னால்தான் போகிறது.