பெயரில்லாத வியன்னாக்காரர்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் 'ஸ்குவீஸ்' என்றொரு நெருக்குதல் உண்டு. எதிராளியிடம் ஆட்டின் ராசா, இஸ்கோப்பு ராசா, இஸ்கோப்பு ராணி என மூன்றே சீட்டுகள் எஞ்சியுள்ளன. உங்களிடம் ஆட்டின் ராணி, சிறிய இஸ்கோப்பு, எவராலும் வெல்ல முடியாத டைமன். கூட்டாளியின் விரித்த கையில் இஸ்கோப்பு ஆசும் ஜாக்கும், உதவாத சீட்டொன்றும். டைமனை இறக்குகிறீர்கள். எதிராளி ஆட்டினைக் கழித்தால் உங்கள் ராணி பிடிக்கும். இஸ்கோப்பைக் கழித்தால் ஜாக் பிடிக்கும். இரண்டையும் காக்க வழியில்லை.

ஆனால், விரித்த கையிலிருந்த ஆட்டின் ஆசு முன்னரே ஆடப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் உங்கள் ராணி அதன் கீழேயே விழுந்து வீணாகும். எதிராளியின் ராசாவைச் சற்று நேரம் தலைமைச் சீட்டாக்கிப் பின்னர் வீழ்த்தும் இவ்வுத்திக்கு 'வியன்னா கூ' என்று பெயர்.

பிரிட்ஜுக்கு முந்திய விஸ்ட் ஆட்டக் காலத்தது இது. பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் கிளே 1864இல் தமது நூலில் இதனைப் பதிவு செய்தார். ஆடியவரை வியன்னாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று மட்டுமே சுட்டினார். 1925இல் கப்பற் பயணமொன்றில் கொன்ட்ராக்ட் பிரிட்ஜின் புள்ளிமுறையை வகுத்த ஹரோல்ட் வான்டர்பில்ட்டின் பெயர் வரலாற்றில் நிலைத்தது.

'யார்' என்பதே செய்தியின் முதற்கேள்வி என்று பழகிய எனக்கு, கிளே எழுதாது விட்ட அந்த ஒரு பெயர் இன்னும் உறுத்துகிறது. புகழ் நகரத்துக்குப் போயிற்று, மனிதர் மறைந்துபோனார்.