விதவைகளை உருவாக்கிய விமானம்

"ஸ்டார்ஃபைட்டர் விமானம் வேண்டுமா? ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். என்றாவது ஒரு நாள் அதுவே வந்து விழும்."

1960களில் மேற்கு ஜெர்மனி மக்கள் இப்படித்தான் கேலி பேசிக்கொண்டார்கள். அந்தக் கேலிக்குப் பின்னால் பெரும் சோகம் இருந்தது. அந்நாட்டின் விமானப் படையும் கடற்படையும் பெற்ற 916 எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் போர் விமானங்களில் 292 விபத்துகளில் அழிந்தன. 116 விமானிகள் மாண்டனர். இத்தனைக்கும் அப்போது போர் எதுவும் நடக்கவில்லை. எதிரியின் குண்டு ஒன்றுகூட அந்த விமானங்களைத் தாக்கவில்லை.

கோடிக்கணக்கில் பணம் கொட்டி வாங்கிய விமானம், சொந்த நாட்டு விமானிகளுக்கே எமனானது எப்படி?

வேகத்திற்காகப் பிறந்தது

கொரியப் போரில் ஈடுபட்டிருந்த அமெரிக்க விமானிகளை 1951இல் நேரில் சந்தித்தார் லாக்ஹீட் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் கெல்லி ஜான்சன். எடை குறைந்த, வேகம் மிகுந்த விமானமே தேவை என்ற முடிவுடன் அவர் நாடு திரும்பினார். அதன் பயனாக 1954இல் முதன்முறையாகப் பறந்தது எஃப்-104.

ஒலியைப் போல் இரு மடங்கு வேகம். ஏறத்தாழ 17 மீட்டர் நீளம். ஆனால் இறக்கைகளின் முழு அகலமோ 7 மீட்டருக்கும் குறைவு. இறக்கையின் முன்விளிம்பு கத்தி போலக் கூர்மையானது என்பதால், தரையில் வேலை செய்வோர் கையை வெட்டிக்கொள்ளாதபடி அதற்கு உறை மாட்டி வைப்பார்கள்.

ஆனால் அந்தச் சின்ன இறக்கைக்கும் ஒரு விலை உண்டு. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில்தான் தரையிறங்க முடியும். இருப்பதோ ஒரே இயந்திரம். அது நின்றுபோனால் விமானம் வெகுதூரம் மிதந்து வராது. அமெரிக்க விமானப் படையே 300க்கும் குறைவான விமானங்களோடு நிறுத்திக்கொண்டது.

ஒரு தலையில் மூன்று சுமை

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்குப் பத்தாண்டுகள் விமானப் படையே இல்லை. 1956இல் புதிய விமானப் படை அமைந்தது. அவ்வாண்டு தற்காப்பு அமைச்சரான ஃபிரான்ஸ் யோசஃப் ஸ்ட்ராவுஸ், நேட்டோ கூட்டணியில் தம் நாடு தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்று விரும்பினார். 1959இல் ஸ்டார்ஃபைட்டர் ஒப்பந்தம் கையெழுத்தானது.

பகை விமானத்தை வழிமறிக்க வேண்டும். தாழப் பறந்து அணுகுண்டு உட்பட குண்டு வீச வேண்டும். வேவும் பார்க்க வேண்டும். மூன்று வேலையையும் ஒரே விமானம் செய்ய வேண்டும் என்றார்கள். அதற்காகப் புதிய கருவிகள் ஏறின. எடையும் செலவும் கூடவே ஏறின. ஒப்பந்தம் கையெழுத்தானபோது எஃப்-104ஜி என்ற அந்தப் புதிய வகையில் ஒரு விமானம்கூடப் பறந்திருக்கவில்லை. 1960இல்தான் அது முதன்முதலாகப் பறந்தது.

1962 ஜூன் 19. நோர்வெனிச் தளத்தில் ஸ்டார்ஃபைட்டர் அறிமுக விழாவுக்கு ஒத்திகை நடந்தது. அணிவகுத்துப் பறந்த நான்கு விமானங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் மோதின. ஓர் அமெரிக்கரும் மூன்று ஜெர்மானியரும் பலியாயினர்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் விபத்துகள் பெருகின. விமானிகள் பலர் பயிற்சி பெற்றதோ வெயில் காயும் அரிசோனாவில். பறக்க வேண்டியதோ மேகமும் மழையும் சூழ்ந்த ஐரோப்பிய வானில். தளங்களில் போதிய கொட்டகைகள் இல்லாததால் விமானங்கள் திறந்தவெளியில் நின்றன. நுட்பமான மின்னணுக் கருவிகளில் ஈரம் புகுந்தது. அனுபவமிக்க தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் பற்றாக்குறை. விமானத்திற்குப் பணம் ஒதுக்கியவர்கள், அதைப் பராமரிக்கும் கைகளைப் பற்றிப் போதுமான அளவு யோசிக்கவில்லை.

உண்மை பேசியவர் பதவி இழந்தார்

352 விமானங்களை வீழ்த்திய உலகப் போர் வீரர் எரிக் ஹார்ட்மன், இந்த விமானத்திற்கு நம் படை இன்னும் தயாராகவில்லை என்று எச்சரித்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1966இல் விமானப் படைத் தலைவர் வெர்னர் பானிட்ஸ்கி, இது அரசியல் நோக்கில் செய்யப்பட்ட கொள்முதல் என்று வெளிப்படையாகக் குறைகூறினார். பதவி பறிபோனது.

அவருக்குப் பின் வந்தவர் யோஹன்னஸ் ஸ்டைன்ஹாஃப். 1945இல் விமான விபத்தில் முகம் கருகி உயிர் பிழைத்தவர். விபத்தின் வலி அவருக்குத் தெரியும். பயிற்சியைத் திருத்தினார், பராமரிப்பைச் சீராக்கினார், ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கைகளை மாற்றி, மார்ட்டின்-பேக்கர் இருக்கைகளைப் பொருத்தச் செய்தார். விபத்து விகிதம் குறைந்தது. ஆனால் முற்றாக நிற்கவில்லை.

விபத்துகள் உச்சத்தில் இருந்த 1963-66 காலத்தில் தற்காப்பு அமைச்சராக இருந்தவர் கை-ஊவெ ஃபோன் ஹஸ்ஸல். 1970 மார்ச்சில் ஸ்டார்ஃபைட்டர் ஒன்று விழுந்து நொறுங்கியதில் மாண்ட விமானி, அவருடைய சொந்த மகன்.

கைமாறிய பணம்

1976இல் இன்னொரு குட்டு உடைந்தது. தன் விமானங்களை விற்க லாக்ஹீட் பல நாடுகளில் பணம் கொடுத்தது அமெரிக்க செனட் விசாரணையில் அம்பலமானது. நெதர்லாந்து இளவரசர் பெர்ன்ஹார்ட் 1.1 மில்லியன் அமெரிக்க டாலர் பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, இராணுவப் பொறுப்புகளைத் துறந்தார். 2004இல் அவர் இறந்த பின் வெளியான பேட்டியில் அதை ஒப்புக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் ஸ்ட்ராவுஸ் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் மறுத்தார், அது நிரூபிக்கப்படவில்லை.

ஸ்பெயின் சொல்லும் பாடம்

அப்படியானால் விமானமே மோசமானதா? ஸ்பெயினும் 1965 முதல் 1972 வரை 21 ஸ்டார்ஃபைட்டர்களை வைத்திருந்தது. ஒன்றைக்கூட விபத்தில் இழக்கவில்லை. வழிமறிப்பு என்ற ஒரே வேலைக்கு, பெரும்பாலும் தெளிந்த வானில், அனுபவமுள்ள விமானிகளைக் கொண்டு அதைப் பயன்படுத்தியது.

ஜெர்மனியின் கடைசி ஸ்டார்ஃபைட்டர் 1991இல் ஓய்வு பெற்றது. ஒரு போர் விமானத்தின் விலை, ஒப்பந்தத்தில் எழுதப்படும் தொகையோடு முடிவதில்லை. கொட்டகை, உதிரிப் பாகம், பணியாளர், பயிற்சி என்று அது நீள்கிறது. அந்தக் கணக்கை முன்கூட்டியே போடத் தவறினால், மிச்சத்தை விமானிகளின் குடும்பங்கள்தான் செலுத்த நேரும். மேற்கு ஜெர்மனியில் 116 குடும்பங்கள் அதைச் செலுத்தின.