மூணேகால் நூல் நட்டு



போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவர். இப்போது அவருக்கே ஐம்பது வயதிருக்கும். "சார், தாத்தா சிங்கப்பூர்ல இருந்து கொண்டுவந்த ராலி சைக்கிள் வீட்டுல இருக்கு. பின் சக்கரத்துல ஒரு பக்கம் நட்டு காணோம். இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கிட்டேன். ஒன்னு பெரிசா இருக்கு, ஒன்னு சின்னதா இருக்கு. வீட்டுல எடைக்குப் போட்டுடலாம்னு சொல்றாங்க. என்ன சார் பண்றது?" என்று கேட்டார்.

வரலாற்று வாத்தியாரிடம் நட்டு கேட்கிறாரே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இது வரலாற்றுக் கேள்விதான். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். 1966-ல் நான் எட்டாம் வகுப்பு. அப்பாவின் சைக்கிளில் முன் சக்கர நட்டு ஒன்று தேய்ந்திருந்தது. நானே மாற்றுகிறேன் பார் என்று இரும்புக் கடைக்குப் போய் இரண்டரை நூல் நட்டு ஒன்று வாங்கி வந்தேன். நம் ஊர் இரும்புக் கடைக் கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டரை நூல் என்றால் 5/16 அங்குலம். அச்சும் அதே அளவுதான். அளவு சரியாக இருந்தும் நட்டு ஒரு சுற்றுக்கு மேல் போகவில்லை. ஸ்பேனரைப் போட்டு இரண்டு கையாலும் திருகினேன். நட்டு ஏறியது. கூடவே அச்சின் மரை முழுவதும் சீவிக்கொண்டு வந்துவிட்டது. புது அச்சு வாங்கச் சம்பள நாள் வரவேண்டும். அதுவரை அப்பா தினமும் மூன்று மைல் நடந்து போய், மூன்று மைல் நடந்து வந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

அளவு சரியாக இருந்தும் நட்டு ஏன் சேரவில்லை? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கப் பல வருடங்கள் ஆயின.

போல்ட்டில் பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று பருமன். இரண்டாவது, ஓர் அங்குல நீளத்தில் எத்தனை மரை வெட்டியிருக்கிறது என்பது. மூன்றாவது, அந்த மரையின் சரிவுக் கோணம். மூன்றும் பொருந்தினால்தான் நட்டு ஏறும். நாம் கடையில் பருமனை மட்டும் சொல்லிக் கேட்கிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

இருநூறு வருடங்களுக்கு முன்னால் இந்த மூன்றுக்கும் பொது விதி எதுவும் இல்லை. இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறை செய்த போல்ட்டுக்கு அடுத்த தெருப் பட்டறையின் நட்டு சேராது. ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி அளந்து பார்த்தார். அவற்றின் சராசரியை எடுத்து, இந்தப் பருமனுக்கு இத்தனை மரை, கோணம் எல்லாவற்றுக்கும் 55 டிகிரி என்று 1841-ல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அவருடைய திட்டம் இங்கிலாந்து முழுவதும் பரவியது. ரயிலோடு கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. நான் இரும்புக் கடையில் வாங்கிய இரண்டரை நூல் நட்டு அந்த விட்வொர்த் வழி வந்ததுதான். அதில் அங்குலத்துக்கு 18 மரை.

ரயில் பாலத்துக்கும் நீராவி எந்திரத்துக்கும் அந்தப் பெரிய மரை சரி. சைக்கிளுக்கு அது ஒத்துவரவில்லை. சைக்கிளில் எல்லாமே மெல்லிய குழாய், சின்ன அச்சு. ஆழமாக மரை வெட்டினால் உள்ளே இரும்பு மிஞ்சாது. குலுங்கிக் குலுங்கிப் போகும் வண்டியில் பெரிய மரை சீக்கிரம் தளரும். இன்னொன்றும் உண்டு. சக்கரத்தின் கோனை பால்ரஸ் மேல் இறுக்கும்போது இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். கொஞ்சம் அதிகமானால் சக்கரம் சுற்றாது, கொஞ்சம் குறைந்தால் ஆடும். அதற்குப் பொடி மரைதான் வேண்டும்.

இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, பின் சக்கரத்தைச் செயின் இழுக்கும் இன்றைய சைக்கிள் வடிவத்தை 1885-ல் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்தார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதன்பின் இங்கிலாந்தில் சைக்கிள் மோகம் பிடித்தது. பர்மிங்காமில் துப்பாக்கி செய்தவர்களும் சைக்கிள் பாகம் செய்ய வந்தார்கள். நம் ஊரில் ஓடிய பி.எஸ்.ஏ. சைக்கிளில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய சின்னம் ஒன்று இருக்குமே, நினைவிருக்கிறதா? 1861-ல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி அது. ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றுக்குச் சேர வேண்டும் என்ற ஒழுங்கு அவர்களுக்குப் பழக்கமானது. அந்த ஒழுங்கு சைக்கிளுக்கும் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் சைக்கிள் பொறியாளர் கழகம் 1902-ல் சைக்கிளுக்கென்று தனி மரைத் திட்டம் வகுத்தது. கோணம் 60 டிகிரி. பெரும்பாலான பாகங்களுக்கு அங்குலத்துக்கு 26 மரை.

இப்போது என் கதை புரிந்திருக்கும். அப்பாவின் சைக்கிள் அச்சில் 26 மரை, நான் வாங்கிய நட்டில் 18 மரை. அறுபது வருடம் பிந்தி வந்த பையன், இரண்டு வேறு திட்டங்களை ஸ்பேனரால் சேர்த்து வைக்கப் பார்த்திருக்கிறேன்.

சரி, என் மாணவரின் ராலிக்கு வருவோம்.

நாட்டிங்காம் நகரின் ராலி தெருவில் தொடங்கியதால் அந்தக் கம்பெனிக்கு அந்தப் பெயர். ஃபிராங்க் பவுடன் என்பவர் கையில் அது மிகப் பெரிதாக வளர்ந்தது. பெரிய வீட்டுக்காரர்கள் ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு வரமாட்டார்கள் அல்லவா? ராலியும் அப்படித்தான். மற்றவர்கள் பெடல் அச்சுக் கப்புக்கும் ஹேண்டில்பார் கப்புக்கும் அங்குலத்துக்கு 24 மரை வைத்தபோது, ராலி அங்கேயும் 26 மரையே வெட்டியது. எனவே ராலிக்கு ராலி கப்தான் சேரும். ராலிக்குச் சொந்தமான ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனி செய்த மூன்று கியர் ஹப்பின் அச்சோ இன்னும் விசித்திரம். ஊரில் எல்லோரும் பின் அச்சுக்கு 3/8 அங்குலம் வைத்திருந்தபோது, அதற்கு 13/32 அங்குலம். நம் கடைக் கணக்கில் சொன்னால் மூணேகால் நூல்!

மூணு நூல் நட்டு கடையில் உண்டு. மூன்றரை நூல், நாலு நூலும் தேடினால் உண்டு. மூணேகால் நூல் நட்டு எந்த இரும்புக் கடையிலும் இருக்காது. "ஒன்னு பெரிசா இருக்கு, ஒன்னு சின்னதா இருக்கு" என்று மாணவர் சொன்னது அதனால்தான்.

"பின் ஹப்பைத் துடைத்துவிட்டு என்ன எழுதியிருக்கிறது பார்" என்றேன். ஸ்டர்மி-ஆர்ச்சர் பெயரும் அதன் கீழே 54 என்ற எண்ணும் இருப்பதாகச் சொன்னார். அந்த ஹப்புகளில் செய்த வருடத்தைப் பொறிப்பது வழக்கம். 1954! கல்வெட்டில் ஆண்டு தேடச் சொல்லித் தந்த வாத்தியாருக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்?

இதற்கிடையில் நம் நாட்டிலும் காரியங்கள் நடந்தன. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் செய்தது. பிறகு பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் பெயர்களும் அங்கே வந்தன. வங்காளத்தில் ஆசன்சோல் பக்கம் சென்-ராலி. லூதியானாவில் 1956-ல் ஹீரோ. பெயரோடு அளவும் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1957-ல் நயா பைசாவும் 1958 முதல் மெட்ரிக் அளவும் வந்து, அங்குலமும் மைலும் பாடப்புத்தகத்திலிருந்து மெல்ல மறைந்தன. கறுப்புச் சைக்கிளின் அச்சு மட்டும் தன் 26 மரையை விடவில்லை.

இதனால் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. இன்று கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் நட்டைப் பழைய முன் அச்சில் வைத்தால் சேருவது போலவே தோன்றும். 5/16 அங்குலம் என்றால் 7.94 மில்லிமீட்டர், மயிரிழைதான் வித்தியாசம். ஆனால் கடை நட்டில் மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். சைக்கிள் அச்சில் அது 0.98 கூட இல்லை. பொடி மரை உள்ள 1 மில்லிமீட்டர் நட்டு கிடைத்தால் இன்னும் ஆபத்து. அது நாலைந்து சுற்று சமர்த்தாகப் போய்விட்டுப் பிறகு இறுகும். அங்கே நிறுத்தாமல் திருகினால் அச்சு போச்சு.

பழைய சைக்கிள் வைத்திருப்பவர்களுக்காக நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் மரையைச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கே பாதிப் பிரச்சினை. பிறகு ஓர் அங்குலத்துக்குள் எத்தனை மரை என்று எண்ணுங்கள். எண்ண முடியாவிட்டால், அளவு தெரிந்த இன்னொரு போல்ட்டை அதன் பக்கத்தில் படுக்கவைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பல்லோடு பல் கடைசிவரை பொருந்தினால் இரண்டும் ஒரே மரை. நடுவில் இடுக்கு வழியாக வெளிச்சம் தெரிந்தால் வேறு.

நட்டை எப்போதும் விரலால் ஏற்றுங்கள். விரலால் கடைசிவரை போனால்தான் அது உங்கள் நட்டு. ஸ்பேனர் இறுக்குவதற்கு மட்டும்.

இரும்புக் கடையை விட்டுவிட்டு, வயதான சைக்கிள் கடைக்காரரைத் தேடுங்கள். உடைந்த பழைய ஹப்பை அச்சோடு வாங்குவது நல்லது. நட்டும் வாஷரும் சேர்ந்து கிடைக்கும். எதுவும் கிடைக்காவிட்டால் லேத்துப் பட்டறை. பழைய நட்டு ஒன்றை மாதிரிக்குக் கொடுத்து, அங்குலத்துக்கு 26 மரை, 60 டிகிரி என்று சொல்லிக் கேளுங்கள். சக்கரத்தையும் பிரேக்கையும் பிடித்திருக்கும் இடங்களில் மட்டும் கம்பி சுற்றுவது, வெல்டிங் வைப்பது போன்ற சமாளிப்பு வேண்டாம். அது உயிரோடு விளையாடுவது.

இடது பெடல் கழற்றும்போது ஞாபகமிருக்கட்டும், அதற்கு மரை எதிர்ப்பக்கம். சாதாரண மரை வைத்தால் மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடும் என்பதால் அப்படி வைத்தார்கள். பெரும்பாலான சைக்கிள்களில் அந்தப் பெடல் மரை இன்றும் 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20. பேரப்பிள்ளைகள் ஓட்டும் லட்ச ரூபாய் கார்பன் சைக்கிளிலும் அதுவே. ஆங்கிலேயர் போனார், அங்குலம் பெடலில் உட்கார்ந்திருக்கிறது.

என் மாணவர் மூன்று வாரம் தேடினார். கடைசியில் பக்கத்து ஊரில் எழுபது வயதைத் தாண்டிய சைக்கிள் கடைக்காரர் ஒருவர், நட்டைப் பார்த்ததுமே உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாராம். அவருக்கு 13/32 தெரியாது, 1902 தெரியாது. "இது கியர் ராலி நட்டு தம்பி, வேற எதுக்கும் சேராது. அதான் தனியா வச்சிருக்கேன்" என்றாராம். டப்பாவில் நாலு இருந்தன. விரலால் சுற்றிப் பார்த்து ஒன்று வாங்கினார். இருபது ரூபாய்.

இரண்டு நாள் கழித்து, சைக்கிளில் தன் பேத்தியை முன்னால் உட்காரவைத்து எடுத்த படம் அனுப்பினார். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு நடந்துபோன அப்பாதான் ஞாபகம் வந்தார்.

பிள்ளைகளே, சேராத நட்டு கெட்ட நட்டு அல்ல. அது வேறொரு போல்ட்டுக்குப் பிறந்தது, அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் அதன் ஜோடி கிடைத்துவிடும். பலவந்தம் செய்தால் இரண்டும் வீணாகும். வகுப்பறையில் முப்பத்தைந்து வருடம் நான் சொல்ல முயன்றதும் ஏறக்குறைய இதுதான்.

உங்கள் வீட்டுப் பரணிலோ மாட்டுக்கொட்டகையிலோ பழைய சைக்கிள் இருந்தால், எடைக்குப் போடும் முன் ஹப்பைத் துடைத்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததைக் கீழே எழுதுங்கள். படம் போட்டால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்