லென்ஸ் மூடி முதல் ஸ்கிரீன் கார்டு வரை

கேமராவுக்கு முதன்முதலில் வந்த மூடி லென்ஸைக் காப்பாற்ற வந்ததல்ல. 1839-இல் பாரிஸில் அல்போன்ஸ் ஜிரூ விற்பனைக்குக் கொண்டுவந்த டாகரோடைப் கேமராவில், லென்ஸுக்கு முன்னால் சின்னதாக ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதை ஒதுக்கினால் படம் பதியத் தொடங்கும். பழையபடி மூடினால் நின்றுவிடும். வெள்ளித் தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் பிடித்த காலம் அது. மனிதக் கையைவிட வேகமான ஷட்டர் அப்போது யாருக்கும் தேவைப்படவில்லை.

அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு இந்த வேலையைச் செய்தது கழற்றி மாட்டும் மூடிதான். தோல் போர்த்து, உள்ளே வெல்வெட் ஒட்டி, பித்தளைக் குழலின் மேல் இறுக்கமாக உட்காரும்படி அதைச் செய்தார்கள். வெல்வெட் ஒட்டியது கண்ணாடியில் கீறல் விழாமலிருக்க அல்ல, ஓரத்தில் ஒளி கசியாமலிருக்க. மூடியைக் கழற்றுவதிலும் ஒரு கைப்பழக்கம் இருந்தது. வெடுக்கென்று இழுத்தால் முக்காலி ஆடிப் படம் கலங்கிவிடும். அதனால் முதலில் மூடியை மெல்லத் தளர்த்தி, விலக்காமல் லென்ஸின் முன்னாலேயே பிடித்துக்கொண்டு, ஆட்டம் அடங்கியதும் ஒதுக்கி, வாய்க்குள் எண்ணத் தொடங்குவார்கள். இயற்கைக் காட்சி எடுத்தவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். அந்தக் காலத்துத் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மேல் உறிஞ்சியதால் வானம் வெளிறிப்போகும். மூடியின் மேல்விளிம்பு லென்ஸோடு ஒட்டியிருக்கக் கீழ்விளிம்பை மட்டும் முதலில் தூக்கினால், தரையிலிருந்து வரும் ஒளி உள்ளே போகும், வானத்து ஒளி ஓரளவு மறைபடும். சில வினாடி கழித்து முழுதாக எடுப்பார்கள். ஒரு தோல் மூடியை வைத்துக்கொண்டு இவ்வளவு நுணுக்கம்.

1858-இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்த சென்னை அரசின் புகைப்படக்காரர் லினேயஸ் ட்ரைப்பின் கேமராவிலும் ஷட்டர் கிடையாது. மெழுகு பூசிய காகித நெகட்டிவில் அவர் எடுத்த படங்களுக்கு ஒளி பாய வேண்டிய நேரம் வினாடிக்குள் அடங்குவதல்ல, கைக்கணக்கே போதும்.

இந்த நிலையை மாற்றியது ஜெலட்டின் உலர்தகடு. 1871-இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் அதை முன்வைத்தார். 1878-இல் சார்லஸ் பென்னெட் அதன் வேகத்தைப் பல மடங்கு கூட்டினார். வெயிலில் வினாடியின் சிறு பங்கே போதும் என்றானபோது கை தோற்றது. இங்கிலாந்தின் தார்ன்டன்-பிக்கார்டு நிறுவனத்தின் உருளைத்திரை ஷட்டர், மூடி இருந்த அதே இடத்தில், லென்ஸின் முகப்பில் செருகிக்கொள்ளும் பெட்டியாகவே வந்தது. ஆனால் பழைய முறை அடியோடு போய்விடவில்லை. காபூல் தெருக்களில் ‘கம்ரா-எ-ஃபௌரி’ என்ற மரப்பெட்டிக் கேமராவை வைத்து அடையாள அட்டைப் படம் எடுத்தவர்கள், இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை, மூடியைக் கையால் எடுத்து மூடித்தான் ஒளியை அளந்தார்கள்.

ஷட்டர் கேமராவுக்குள் போன பிறகு மூடிக்கு வேலை போயிருக்க வேண்டும். போகவில்லை. 1923-இல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனம் சோதனைக்காக இரண்டு டஜன் அளவில் செய்த ‘நல்’ வரிசை லைக்காவில் ஒரு குறை இருந்தது. துணித் திரையில் உள்ள பிளவு, ஃபிலிமை அடுத்த படத்துக்குச் சுற்றும்போதும் திறந்தே இருக்கும். ஒவ்வொரு முறையும் மூடியைப் போட்டுவிட்டுத்தான் சுற்ற வேண்டும். மூடி தொலைந்தால் கேமரா பயனற்றது என்பதால் அதை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். 2022 ஜூனில் இந்த வரிசையின் 105-ஆம் எண் கேமரா 1.44 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. அதை வடிவமைத்த ஆஸ்கர் பார்னாக் தானே வைத்திருந்த கேமரா அது.

1925-இல் சந்தைக்கு வந்த லைக்காவில் திரைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பிளவை மறைத்துக்கொண்டன. அதோடு வேறொரு தேவை முளைத்தது. ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமராக்களில் லென்ஸுக்கும் துணித் திரைக்கும் நடுவே மறைப்பு எதுவும் இல்லை. கேமராவை வெயிலில் மல்லாக்க வைத்தால், 50 மில்லிமீட்டர் லென்ஸ் சூரியனை அரை மில்லிமீட்டர் புள்ளியாகத் திரையின் மேல் குவிக்கும். பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கருக்கும் சிறுவர் விளையாட்டுதான். ரப்பர் பூசிய துணியில் ஊசித்துளை விழும். பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் வெள்ளைப் பொட்டு. இந்த வகைக் கேமராவுக்கு மூடி அலங்காரம் அல்ல. ஆனால் இதில் பார்வைத் துளை தனி, லென்ஸ் தனி. மூடியை எடுக்க மறந்தாலும் காட்சி பளிச்சென்று தெரியும். 36 படமும் எடுத்து, கழுவிப் பார்த்தால் வெறும் ஃபிலிம். லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் மறந்தவுடன் இருட்டு சொல்லிவிடும். கண்ணாடி குறுக்கே நிற்பதால் வெயிலும் திரையைச் சுடாது. மூடியின் தேவை லென்ஸைப் பொறுத்ததைவிடக் கேமராவின் உள்ளமைப்பைப் பொறுத்ததாகவே வெகுகாலம் இருந்தது.

கண்ணாடியே காவல் கேட்ட காலம் இதற்கு இடையில் வந்தது. பூச்சில்லாத கண்ணாடி, காற்றோடு உரசும் ஒவ்வொரு முகத்திலும் ஒளியில் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். எட்டு முகங்கள் உள்ள லென்ஸில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒளி வீணாகும்; வீணாவதோடு நில்லாமல் உள்ளேயே எதிரொளித்துப் படத்தை வெளிறச் செய்யும். 1935-இல் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் மெல்லிய பூச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தத் தொடக்ககாலப் பூச்சுகள் மென்மையானவை. சட்டை நுனியால் நாலு முறை துடைத்தால் தேய்ந்துவிடும். சில லென்ஸ்களில் கண்ணாடியே மென்மை. 1933-இல் வந்த லைக்காவின் சும்மார் லென்ஸ் அதற்குப் பேர்போனது. இன்று பழைய கேமராக் கடைகளில் கிடைக்கும் சும்மார்களில் முன்கண்ணாடி முழுக்கத் துடைத்த தடம் பனிபோலப் படர்ந்திருப்பது சாதாரணம். அவற்றைக் கெடுத்தது விபத்து அல்ல, சுத்தம் செய்யும் ஆர்வம்.

இந்த இடத்தில்தான் யூவி ஃபில்டர் காவலாளி வேலைக்கு வந்து சேர்ந்தது. அதன் சொந்த வேலை வேறு. ஃபிலிம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் பதிவுசெய்யும். மலையுச்சியிலும் கடலோரத்திலும் அந்த ஒளி மிகுதி. தூரத்துக் காட்சி மங்கலாகும், வண்ணப் படத்தில் நீலம் பாயும். 1935-இல் கோடாக்ரோம் வந்து வண்ண ஃபிலிம் பரவப் பரவ, இதைத் தடுக்க நிறமற்ற யூவி ஃபில்டரும், இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட ஸ்கைலைட் ஃபில்டரும் புழக்கத்துக்கு வந்தன. இரண்டும் படத்தின் நிறத்தை அதிகம் மாற்றாதவை. எப்போதும் மாட்டி வைக்கலாம். மாட்டியே இருப்பதால் தூசியும் கைரேகையும் அதன்மேல் படியும், துடைப்பும் அதற்கே விழும். கீறல் விழுந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். லென்ஸ் விற்கும் கடைக்காரர் கூடவே ஒரு ஃபில்டரையும் பில்லில் சேர்க்கும் வழக்கம் இப்படித்தான் நிலைத்தது. அதில் கடைக்காரருக்கு நல்ல லாபம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பின்னர் பூச்சு கெட்டிப்பட்டது. 1971-இல் ஜப்பானின் அசாஹி பென்டாக்ஸ் பல அடுக்குப் பூச்சுள்ள தகுமார் லென்ஸ்களை விற்கத் தொடங்கியது; மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னால் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி பெரும்பாலும் உள்ளேயே இருப்பதால் யூவி ஃபில்டரின் பிறவி வேலையும் போயிற்று. காவல் வேலை மட்டும் மிஞ்சியது. ஃபில்டர் தயாரிப்பாளர்களே இதை ஒப்புக்கொண்டு, யூவி என்ற பெயரை விட்டுவிட்டு ‘புரொடெக்டர்’ என்று வெறும் தெளிந்த கண்ணாடியை விற்கத் தொடங்கினார்கள்.

அதற்கு ஒரு விலை உண்டு. பூச்சில்லாத மலிவு ஃபில்டரின் இரு முகங்களும் சேர்ந்து 8 விழுக்காடு ஒளியைத் திருப்பும். தட்டையான கண்ணாடி என்பதால் சென்சாரிலிருந்து திரும்பி வரும் ஒளியையும் நேராக உள்ளே தள்ளிவிடும். கோயில் தேரோட்டத்தை இரவில் எடுத்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள்: ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்ப்பக்கத்தில், தலைகீழாக, அதன் ஆவிபோல இன்னொரு விளக்கு. மாறாக, முன்கண்ணாடியில் விழுந்த சிறு கீறல் படத்தில் கீறலாகத் தெரிவதே இல்லை. அது குவியத்துக்கு வெகுவாக வெளியே இருப்பதால் கலைந்துபோகும். கீழே விழும்போது ஃபில்டர் உடைந்து லென்ஸ் தப்பிய கதைகள் ஏராளம். முன்கண்ணாடி தடித்தது, ஃபில்டரோ மெலிந்தது என்பதால், ஃபில்டரை உடைத்த அடி லென்ஸை உடைத்திருக்கும் என்பது நிச்சயமல்ல. சில சமயம் உடைந்த சில்லே லென்ஸைக் கீறிவிடுவதும் உண்டு. அடி தாங்குவதில் ஃபில்டரைவிட லென்ஸ் ஹூட் மேல். ஃபில்டர் கட்டாயம் என்று தயாரிப்பாளரே சொன்ன இடமும் இருக்கிறது: 17-40 போன்ற சில எல் வரிசை லென்ஸ்களில் முன்பக்கத்து நீர்க்காப்பு, ஃபில்டர் மாட்டினால்தான் முழுமையாகும் என்றது கேனன். மணற்காற்றிலும் அலைச்சாரலிலும் எடுப்பவர்களுக்கு அது நியாயமான ஆலோசனை.

ஈரமான ஊர்களில் மூடியே பகையாவதும் உண்டு. மூடி, தோலுறை, பீரோ என்று மூன்று அடுக்காக மூடி வைத்த லென்ஸில் காற்றோட்டம் இராது. சென்னை போன்ற கடலோர ஈரத்தில் கண்ணாடிக்குள் ஃபங்கஸ் சிலந்திவலைபோலப் படரும். முற்றினால் அது சுரக்கும் அமிலம் பூச்சை அரித்துவிடும். சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப்புகா டப்பா, எந்த மூடியைவிடவும் இங்கே பயன்தரும்.

மூடியைத் தொலைப்பதும் மறப்பதும் நிற்காததால், அதைக் கேமராவின் உடலாகவே ஆக்கிவிட்டார் ஒலிம்பஸின் யோஷிஹிசா மைதானி. 1979-இல் வந்த எக்ஸ்ஏ கேமராவில், சறுக்கித் திறக்கும் ஓடுதான் மூடி. திறந்தால்தான் கேமரா வேலை செய்யும். மறக்க வழியே இல்லை.

அந்த வசதி இல்லாமல் அவதிப்பட்டவை சோவியத்தின் வெனிரா விண்கலங்கள். வெள்ளிக் கோளின் தரையில் வெப்பம் ஏறத்தாழ 465 டிகிரி செல்சியஸ், அழுத்தம் பூமியைப் போலத் தொண்ணூறு மடங்கு. இறங்கும்வரை கேமராவைக் காக்க மூடி வேண்டும். இறங்கியதும் அது தானாகக் கழன்று விழ வேண்டும். 1975-இல் வெனிரா 9, 10 இரண்டிலும் ஆளுக்கொரு மூடி கழலவில்லை. முழுச்சுற்றுப் படத்துக்குப் பதில் பாதிதான் கிடைத்தது. 1978-இல் வெனிரா 11, 12-இல் ஒன்றுகூடக் கழலவில்லை. 1982 மார்ச் 5-இல் இறங்கிய வெனிரா 14-இல் மூடிகள் ஒழுங்காகக் கழன்றன. ஆனால் மண்ணின் கெட்டித்தன்மையை அளக்க நீண்ட கை எந்த இடத்தைத் தொட வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில் ஒரு மூடி விழுந்து கிடந்தது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் போய் அந்தக் கருவி அளந்தது தன் சொந்தக் கேமராவின் மூடியை.

படம் காட்டும் முதுகுத் திரையின் கதை குறுகியது. 1995-இல் கேசியோ க்யூவி-10, முதுகில் 1.8 அங்குலத் திரையோடு வந்தது. அதன் பிறகு கேமராவுக்குக் கண்ணாடி முன்னாலும் பின்னாலும். கழுத்தில் தொங்கும் கேமராவின் திரை நாள்முழுக்கச் சட்டைப் பொத்தானில் உரசும். கண்ணை வைத்துப் பார்க்கும்போது மூக்கின் எண்ணெய் அதில் படியும். தொடக்ககாலத் திரைகளின் மேற்பரப்பு மென்மையானது, எளிதில் கீறும். நிக்கான் 2004-இன் டி70-க்குப் பெட்டியிலேயே ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் மூடி கொடுத்தது. பின்வந்த பல கேமராக்களுக்கும் அதைத் தொடர்ந்தது. கீறல் மூடியோடு போயிற்று. ஆனால் மழைநாளில் மூடிக்கும் திரைக்கும் இடையே ஆவி படிந்து படமே தெரியாது.

பின்னர் திரையே கடினமானது. லைக்கா 2008-இன் எம்8.2-க்கு நீலக்கல் படிகத் திரை போட்டது. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி ஐந்தரை, கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸ் 7, நீலக்கல் 9. மணல் கண்ணாடியைக் கீறும், நீலக்கல்லைக் கீறாது. வேதிமுறையில் வலுவூட்டிய கண்ணாடி விலை மலிந்து, மற்ற கேமராக்களுக்கும் ஓரளவு அந்த உறுதி வந்தது. ஆனால் மணலுக்கு அது முழு விடை அல்ல. தொடுதிரை வந்ததும் இடைவெளி விட்டு மாட்டும் பிளாஸ்டிக் மூடி பயனற்றுப்போனது. அதன் இடத்தை, ஒட்டிக்கொள்ளும் மெல்லிய டெம்பர்டு கிளாஸ் பிடித்தது. சென்னை ரிச்சி தெருவில் போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டுபவர் கேமராத் திரைக்கும் அதையே ஒட்டித் தருகிறார். விற்பனை விலையை நினைப்பவருக்கு அது மலிவான காப்பு. திரையை உட்புறமாகத் திருப்பி மடிக்க முடிந்த கேமராவுக்கு அது தேவையே இல்லை. தடித்த கார்டு ஒட்டினால் சில கேமராக்களில் திரை சரியாக மடிவதில்லை என்பதும் உண்டு.

கைபேசியில் முன்கதை மறுபடி நடக்கிறது. 2012-இல் ஐபோன் 5-இன் கேமராவுக்கு மேல் ஆப்பிள் நீலக்கல் படிகத்தையே மூடியாகப் போட்டது. இன்று அந்த மூடியின் மேல் இன்னொரு கண்ணாடி வளையம் ஒட்டி விற்கிறார்கள்.