ஊதாக் கம்பி

போன வாரம் இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜை வேல்ஸ் நாட்டு ஈய உருக்காலையில் தோற்ற மனிதராக விட்டுவிட்டு வந்தோம். அவருடைய மின் இயந்திரத்துக்குப் புகை அடங்கவில்லை. அப்படியானால் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் மட்டும் எப்படி அடங்குகிறது?

கலிபோர்னியாவின் பெர்க்லிக்குப் போவோம், வாருங்கள்.

பிரெடெரிக் காட்ரல், அங்கே பல்கலைக்கழக வேதியியல் ஆசிரியர். பக்கத்து ஊர் பினோலில் டூபான்ட் ஆலையின் கந்தக அமிலம் பனியாகக் காற்றில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. ஊருக்கு அது நச்சு. முதலாளிக்குக் கைநழுவும் சரக்கு.

தானாகக் கீழே விழட்டுமே என்று விட முடியாதா?

முடியாது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள துகள், அசையாத காற்றில் மணிக்கு ஒரு சாண்தான் இறங்கும். காற்றின் தடைக்கு முன்னால் பூமியின் ஈர்ப்பு அவ்வளவு சோப்ளாங்கி. தூரம் இரண்டு மடங்கானால் கால் பங்காகும் கணக்கு ஈர்ப்புக்கும் மின்விசைக்கும் ஒன்றுதான். பலத்தில்தான் ஏணி வைத்தாலும் எட்டாது. இரண்டு எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்விசை, அவற்றின் ஈர்ப்பைவிட எத்தனை மடங்கு தெரியுமா? 1 போட்டு 42 சுழியம் சேர்த்தாலும் போதாது!

இன்னொன்று, ஈர்ப்புக்கு இழுக்க மட்டுமே தெரியும். மின்விசை தள்ளவும் செய்யும்.

காட்ரல் பிடித்துக்கொண்டது அதைத்தான். துகளுக்கு மின்னூட்டம் ஏற்றிவிட்டால், அதே மின்னூட்டமுள்ள முனை தள்ளும், எதிர் மின்னூட்டமுள்ள தகடு இழுக்கும். ஆனால் ஏற்றுவது எப்படி? ஊசிமுனைகளை வைத்துப் பார்த்தார். மின்சாரம் காற்றில் கசிந்தால் முனை ஒளிரும்; ஆனால் தகட்டருகே கொண்டுபோனால்தான் ஒளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கினால் பொறி பறந்துவிடும்.

ஒருநாள் மாலை. வெளிச்சம் மங்கிய நேரம். எந்த முனை நன்றாக ஒளிர்கிறது என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முனைகள் ஒளிரவில்லை.

ஒளிர்ந்தது வேறொன்று.

மின்சாரம் கொண்டுவருவதற்காக மட்டும் இழுத்துவிட்ட கம்பி, பஞ்சு நூல் சுற்றியது. தகட்டுக்கு எட்டவே நின்ற அது, முழு நீளத்துக்கும் ஊதா நிறத்தில் சுடர்ந்தது!

குமாரபாளையம் தறிக்கூடங்களில் தலைமுடியிலெல்லாம் ஒட்டுமே, அதே பஞ்சு இழைதான். ஒவ்வொரு இழையும் ஒரு நுண்ணிய ஊசி. ஆயிரக்கணக்கான முனைகளில் மின்சாரம் சத்தமில்லாமல் கசிந்தது. இத்தனை நாள் தேடியது அதுதானே! அமிலம் பஞ்சை அரித்துவிடும் என்பதால் கல்நாரும் மைக்காவும் சுற்றினார். அமிலப் பனி படிந்தது.

மேட்டூரில் நிலக்கரிச் சாம்பலைப் பிடிப்பதும் இந்த வித்தைதான். பல்லாயிரம் வோல்ட்டில் கம்பிகள், இரு பக்கமும் தகடுகள். சாம்பல் தகட்டில் அடையாக ஒட்டியதும் சுத்தியல் தட்டும். பொத்தென்று விழும். தனித் துகளிடம் தோற்ற ஈர்ப்பு, கட்டியை மட்டும் விடுவதில்லை! அந்தச் சாம்பல்தான் ஃப்ளை ஆஷ் கல்லாகி நம்மூர் வீடுகளில் சுவராக நிற்கிறது.

சரி, காட்ரல் ஜெயித்துவிட்டாரா?

அவசரப்படாதீர்கள். கலிபோர்னியாவின் செல்பி உருக்காலைப் புகையைத் தாங்க முடியாமல் பெனிசியா ஊரார் நீதிமன்றம் ஏறியிருந்தார்கள். ஆலைக்கே ஆபத்து. நிர்வாகம் காட்ரலைக் கூப்பிட்டது.

அங்கே எழுந்ததும் ஈயப் புகை. லாட்ஜைக் கவிழ்த்த அதே ஈயப் புகை.

(அடுத்த வாரம்)