மறுத்தவரே நிறுவிய உண்மை

நாம் உண்ட உணவு செரிப்பதற்கு வேண்டிய நொதியங்கள் பலவற்றைச் சதையியின் கலங்கள் ஆக்கி வெளியே அனுப்புகின்றன. ஆனால், ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு மூடியிருக்கின்றது. பருத்த புரதங்கள் அதனைக் கிழிக்காமல் வெளியேறுவது எங்ஙனம்? இவ்வினாவின் வரலாறு சுவையானது.

1898 ஆம் ஆண்டில், இத்தாலியின் பவியா நகரிலே கமில்லோ கொல்கி என்னும் அறிஞர், ஆந்தையின் நரம்புக் கலங்களை வெள்ளி உப்பினாற் சாயமூட்டி நோக்கினார். கலத்தினுள்ளே வலை போன்றதோர் அமைப்புத் தோன்றிற்று. அது மெய்யான உறுப்பா, சாயத்தால் விளைந்த மாயத்தோற்றமா? அரை நூற்றாண்டாக வழக்குத் தீரவில்லை. 1926 இல் மறைந்த கொல்கி அதன் முடிவை அறிந்தாரல்லர்.

ருமேனியாவிற் பிறந்து நியூயோர்க்கில் ஆராய்ந்த ஜோர்ஜ் பலாடே, 1949 இல் அல்பேட் குளோட்டுடன் சேர்ந்து, அது வெறுந்தோற்றமே என வாதிட்டார். ஆனால் 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி கொல்கியின் பக்கமே சான்று பகர்ந்தது. அடுக்கி வைத்த தட்டுகள் போன்ற சவ்வுகளும், அவற்றின் அருகே நுண்ணிய புடகங்களும் தெளிவாகத் தெரிந்தன.

பலாடே தம் பழைய கூற்றையே பற்றி நிற்கவில்லை. 1960களில் அவரும் ஜேம்ஸ் ஜேமிசனும் கினிப்பன்றியின் சதையித் துண்டுகளுக்குக் கதிர்வீசும் அமினோ அமிலத்தை 3 நிமிட நேரம் மட்டும் ஊட்டி, அதனாலான புதுப் புரதம் செல்லும் வழியைத் தொடர்ந்து நோக்கினர். அகமுதலுருச் சிறுவலையில் ஆக்கப்பட்ட புரதம் சிறு புடகங்களில் ஏறிக் கொல்கி உடலை அடைந்தது. அங்கே பொதியப்பட்டுக் கலத்தின் ஓரத்தை எட்டியது. பொதியின் சவ்வு கலத்தின் சவ்வோடு இணைந்து திறக்கவே, உள்ளிருந்த புரதம் வெளியே சொரிந்தது. கடிதங்களை வகைபிரித்து அனுப்பும் தபாற் கந்தோர் போன்றது கொல்கி உடல் என்பது புலனாயிற்று. 1974 இல் பலாடே, குளோட், கிறிஸ்தியன் டி டூவ் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

பொதி தன் முகவரியை அறிவது எப்படி என்னும் வினா எஞ்சியது. ரண்டி ஷெக்மன் மதுவக் கலங்களில் அதற்குரிய பரம்பரையலகுகளைக் கண்டார். புடகத்தை உரிய சவ்வோடு பொருத்தும் புரதங்களை ஜேம்ஸ் ரொத்மனும், நரம்புக் கலத்தில் அது திறக்கும் தருணத்தைக் கல்சியம் ஆளும் முறையைத் தோமஸ் சூடோவும் விளக்கினர். இம்மூவரும் 2013 இல் அப்பரிசைப் பெற்றனர்.

அறிவின் வரலாற்றில் முதலிற் கண்டவர் போற்றற்குரியவர். தாம் மறுத்த பொருளையே சான்று கண்டபின் ஏற்று, அதன் தொழிலையும் நிறுவியவர் அவரினும் குறைந்தவரல்லர்.